‘ன்னு’ போட்டுப் பேசுகிறவர்களுக்கு ஆங்கில நவுன் கிளாஸ்

வேலூரில் ஆங்கிலம் பேச வேண்டிய தேவை கொஞ்சம் வேறு மாதிரியானது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோட்டு லாட்ஜில் வேலை பார்ப்பவர், மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுபவர், எல்லாருமே ஒரு நாளில் பல தடவை ஆங்கிலத்தில் வாயைத் திறந்தாக வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான்.

‘தி டோர் இஸ் ஓபன்’ போன்ற வாக்கியத்தில் இவர்கள் யாருக்கும் சிக்கல் இல்லை. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை வைக்கும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. ‘டாக்டர் இன்னா சொன்னாருன்னு தெரியலை’, ‘ரூம் காலியா இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்’, ‘பஸ் எங்க நிக்கும்னு அவரைக் கேளுங்க’. நம் பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. உள்ளே மடங்கி இருக்கும் அந்தச் சின்ன வாக்கியத்துக்குத்தான் ஆங்கில இலக்கணத்தில் நவுன் கிளாஸ் (noun clause; வகுப்பைச் சொல்லும் ‘class’ இல்லை) என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் வரையறை சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: பெயர்ச்சொல் செய்யும் வேலையைச் செய்யும் சார்பு வாக்கியம். சரிதான், அதில் குற்றம் இல்லை. ஆனால் கவுன்டரில் நிற்கும்போது வரையறை கைகொடுக்காது. மேலே சொன்ன மூன்று வாக்கியத்திலும் ஒரு ‘ன்னு’ வருகிறது பாருங்கள். எழுத்தில் அது ‘என்று’. அதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். இது வாயில் ஏற வேண்டிய பாடம்.

முதலில் அடையாளம்

‘ஐ நோ தி ஆன்சர்.’ இதில் ‘தி ஆன்சர்’ பெயர்ச்சொல், செயப்படுபொருளாக நிற்கிறது. இப்போது ‘ஐ நோ தட் தி ஷாப் இஸ் க்ளோஸ்ட்’ என்று சொல்லுங்கள். ‘ஆன்சர்’ உட்கார்ந்திருந்த நாற்காலியில் ‘கடை மூடியிருக்கிறது’ என்கிற முழுச் செய்தியே வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கென்று தனி எழுவாய், தனி வினை. அதுதான் நவுன் கிளாஸ்.

சந்தேகம் வந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ நோ இட்.’ வாக்கியம் நிற்கிறது, எனவே நவுன் கிளாஸ். ‘ஐ வாஸ் ஸ்லீப்பிங் வென் ஹி கேம்’ என்பதில் ‘வென் ஹி கேம்’ இருந்த இடத்தில் ‘இட்’ போட்டால் ‘ஐ வாஸ் ஸ்லீப்பிங் இட்’ என்று அபத்தமாகிவிடும். அது நேரத்தைச் சொல்லும் பகுதி, நவுன் கிளாஸ் இல்லை. அதே மூன்று சொல்லை ‘ஐ டோன்ட் நோ வென் ஹி கேம்’ என்று வைத்தால் ‘இட்’ கச்சிதமாகப் பொருந்தும்.

தமிழில் யோசித்தால் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். முதலாவது ‘அவர் வந்தபோது’. இரண்டாவது ‘அவர் எப்போது வந்தார்ன்னு’. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி இருப்பதை நம் மொழி முன்பே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

எந்தச் சொல்லால் இணைப்பது

மூன்றே வகைதான். சும்மா ஒரு செய்தியோடு ‘ன்னு’ சேர்ந்தால் ஆங்கிலத்தில் ‘தட்’: கடை மூடியிருக்குன்னு, ரயில் லேட்டுன்னு. ‘இருக்கான்னு’, ‘வருவாரான்னு’ என்று ஆகாரம் சேர்ந்து வந்தால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. எங்கே, எப்போது, யார், எவ்வளவு என்று கேள்விச் சொல் இருந்தால் அதற்கு நேரான ஆங்கிலக் கேள்விச் சொல்லே இணைப்பாகிவிடும்: வேர், வென், ஹூ, ஹௌ மச்.

மூன்றில் ஒன்று, ஒன்றே ஒன்று. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தமிழில் கேள்விச் சொல்லும் வருகிறது, ‘ன்னு’வும் வருகிறது. இரண்டையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்து ‘ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் இஸ் தி பார்மசி’ என்பார்கள். கேள்விச் சொல் வந்துவிட்டால் ‘தட்’டுக்கு வேலை இல்லை. ‘தட் வெதர்’, ‘தட் இஃப்’ இரண்டும் அதே கணக்கில் தப்பு.

பேச்சில் ‘தட்’டை விழுங்கிவிடலாம். ‘ஐ திங்க் ஹி இஸ் கமிங்’ என்பது முழுச் சரி. ஆனால் வாக்கியம் ‘தட்’டிலேயே தொடங்கினால் விழுங்கக் கூடாது.

‘இஃப்’, ‘வெதர்’ இரண்டில் எது? தெரியும், கேள், பார் போன்ற வினைக்குப் பின்னால் எதுவும் போடலாம்: ‘ஐ வில் செக் இஃப் தி ரூம் இஸ் ஃப்ரீ.’ வாக்கியத்தின் தொடக்கத்திலும் ‘ஆன்’, ‘அபௌட்’ போன்ற சொற்களுக்குப் பின்னாலும் ‘வெதர்’ மட்டுமே. குழப்பமாக இருந்தால் எப்போதும் ‘வெதர்’ போட்டுவிடுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் எங்கேயும் தப்பாகாது.

கேள்வியைக் கலைத்துவிட்டு உள்ளே வைக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

தமிழில் ‘பஸ் எங்கே நிற்கும்?’ ஒரு கேள்வி. அதை இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்க என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வதில்லை. அப்படியே தூக்கி வைத்து ‘என்று தெரியவில்லை’ சேர்க்கிறோம். உள்ளே ஒரு சொல்கூட இடம் மாறாது. இந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் முழுக் கேள்வியைத் தூக்கி வைத்து ‘ஐ டோன்ட் நோ வேர் டஸ் தி பஸ் ஸ்டாப்’ என்கிறோம். ஹிந்தியிலும் வங்காளத்திலும்கூடக் கேள்வி உள்ளே போகும்போது சொல் வரிசை மாறாது. அதனால் லாட்ஜ் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் இதே தப்பைச் செய்வார், இந்தப் பக்கம் இருப்பவரும் செய்வார், இருவருக்கும் புரிந்துவிடும். இன்டர்வியூவிலோ தேர்விலோதான் மாட்டிக்கொள்வோம்.

ஆங்கிலக் கேள்வி வேறு விதமாகக் கட்டப்பட்டது. கேள்வி என்று காட்டவே ‘இஸ்’, ‘வில்’ போன்ற சொல் எழுவாய்க்கு முன்னால் தாவி வருகிறது. அந்த மாதிரித் துணைச்சொல் இல்லாத வாக்கியமாக இருந்தால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ என்று ஒன்றைக் கூலிக்குக் கூட்டி வருகிறார்கள். நவுன் கிளாஸ் ஆனபிறகு அது கேள்வி இல்லை. எனவே தாவியது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், கூலிக்கு வந்தது கிளம்பிவிட வேண்டும்.

‘வேர் இஸ் தி பார்மசி?’ இதில் ‘இஸ்’ தாவி வந்தது. திருப்பி அனுப்புங்கள்: ‘ஐ டோன்ட் நோ வேர் தி பார்மசி இஸ்.’ ‘வென் வில் தி டாக்டர் கம்?’ என்பது ‘ஐ டோன்ட் நோ வென் தி டாக்டர் வில் கம்’ ஆகும். வாக்கியம் ‘இஸ்’ஸில் முடிவது காதுக்கு முதலில் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். பழகிவிடும். அப்படி முடியும் ‘இஸ்’ஸைச் சுருக்கவும் கூடாது. ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும், ‘வேர் ஹீஸ்’ என்று நிறுத்த முடியாது.

‘டஸ்’, ‘டிட்’ கிளம்பும்போது தன்னிடம் இருந்த காலத்தை வினையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். ‘வேர் டஸ் தி பஸ் ஸ்டாப்?’ என்பதில் ‘டஸ்’ போனதும் ‘ஸ்டாப்’ என்பது ‘ஸ்டாப்ஸ்’ ஆகிறது: ‘ஆஸ்க் ஹிம் வேர் தி பஸ் ஸ்டாப்ஸ்.’ ‘வாட் டிட் தி டாக்டர் சே?’ என்பதில் ‘டிட்’ போனதும் ‘சே’ என்பது ‘செட்’ ஆகிறது: ‘ஐ டோன்ட் நோ வாட் தி டாக்டர் செட்.’ ‘டிட்’டை மட்டும் எடுத்துவிட்டு வினையைத் தொடாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ‘டூ’ மட்டும் சுமை இல்லாமல் போகும்: ‘வேர் டூ தே ஸ்டே?’ என்பது ‘வேர் தே ஸ்டே’, அவ்வளவுதான்.

‘ஹௌ மச்’, ‘விச் கவுன்டர்’, ‘வாட் டைம்’ மாதிரி ஜோடிகளைப் பிரிக்காதீர்கள். சேர்ந்தே முன்னால் வரட்டும்: ‘டெல் மீ ஹௌ மச் இட் காஸ்ட்ஸ்.’ ‘ஐ வில் ஷோ யூ விச் கவுன்டர் யூ ஷுட் கோ டு.’

இவ்வளவு சொன்னபிறகு ஒரு விலக்கு. ‘ஹூ கேம்?’, ‘வாட் ஹேப்பண்ட்?’ போன்ற கேள்விகளில் கேள்விச் சொல்லேதான் எழுவாய். அங்கே எதுவும் தாவவில்லை, யாரையும் கூலிக்குக் கூப்பிடவில்லை. கலைக்க ஒன்றும் இல்லாததால் அப்படியே வைக்கலாம்: ‘ஐ நோ ஹூ கேம்.’ ‘டெல் மீ வாட் ஹேப்பண்ட்.’ நம் தமிழ்ப் பழக்கம் தானாகவே சரியாக அமையும் இடம் இது ஒன்றுதான்.

அப்புறம், வெளி வாக்கியமே கேள்வியாக இருந்தால்? ‘டூ யூ நோ வேர் தி பார்மசி இஸ்?’ வெளியே மட்டும் கேள்வி வடிவம், உள்ளே சாதாரண வரிசை. கேள்விக்குறியும் வெளி வாக்கியத்துக்காகத்தான். ‘ஐ டோன்ட் நோ வேர் தி பார்மசி இஸ்’ என்று எழுதினால் முற்றுப்புள்ளி போதும்.

இதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. உடம்பு முடியாமல் வெளியூரிலிருந்து வந்தவரிடம் ‘வாட் இஸ் யுவர் நேம்?’ என்று வெட்டிக் கேட்பதைவிட ‘குட் யூ டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்?’ என்றால் குரல் தானாகத் தணிகிறது. தமிழில் நீங்க, வாங்க என்று வினையிலேயே மரியாதை ஏற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். அதனால் மரியாதையை வாக்கியக் கட்டில்தான் வைத்தாக வேண்டும், அதற்கு நவுன் கிளாஸ் நல்ல வழி.

யார் சொன்ன ‘நான்’?

‘டிரைவர், நான் ஆறு மணிக்கு வந்துடுவேன்னு சொன்னார்.’ தமிழில் இது சர்வ சாதாரணம். ‘நான்’ என்பது டிரைவர்தான் என்று கேட்பவருக்குச் சந்தேகமே வராது, ‘ன்னு’ காப்பாற்றிவிடும். ‘தட்’டுக்கு அந்தச் சக்தி இல்லை. ‘தி டிரைவர் செட் தட் ஐ வில் கம் அட் சிக்ஸ்’ என்றால், வரப்போவது நீங்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆறு மணிக்கு உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.

டிரைவர் சொன்னதை இப்போது எடுத்துச் சொல்கிற உங்கள் இடத்தில் நின்று பார்த்து ‘ஐ’யை ‘ஹி’ ஆக்க வேண்டும். ‘செட்’ கடந்த காலமாக இருப்பதால் ‘வில்’ பெரும்பாலும் ‘வுட்’ ஆகும், ‘இஸ்’ என்பது ‘வாஸ்’ ஆகும்: ‘தி டிரைவர் செட் தட் ஹி வுட் கம் அட் சிக்ஸ்.’ இன்றைக்கும் மாறாத உண்மை என்றால் நிகழ்காலத்திலேயே விடலாம்: ‘ஷி டோல்ட் மீ தட் ஆம்பூர் இஸ் ஃபேமஸ் ஃபார் பிரியாணி.’

‘சே’, ‘டெல்’ சண்டையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘டோல்ட்’ என்றால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ தட்…’ ‘செட்’ என்றால் ஆள் வேண்டாம்: ‘ஹி செட் தட்…’ ‘ஹி டோல்ட் தட்’, ‘ஹி செட் மீ தட்’ இரண்டும் நம் ஊரில் எங்கும் கேட்கும், இரண்டும் தப்பு.

எந்தெந்த இடத்தில் உட்காரும்

இதுவரை பார்த்ததில் பெரும்பாலானவை வினைக்குப் பின்னால், அல்லது ‘டெல் மீ’, ‘ஆஸ்க் ஹிம்’ என்று ஆளுக்குப் பின்னால், செயப்படுபொருளாக வந்தவை. அன்றாடப் பேச்சில் அதிகம் வருவதும் அதுதான். மற்ற இடங்களும் உண்டு.

எழுவாயாக: ‘வாட் தி டாக்டர் செட் இஸ் ட்ரூ.’ தமிழில் ‘டாக்டர் சொன்னது உண்மை’. இந்த ‘சொன்னது’ நமக்கு வினையாலணையும் பெயர், ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அதைச் செய்ய ‘வாட்’ வேண்டும். இங்கே ‘வாட்’ எதையும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டது, நீங்க கொடுத்தது, அவங்க கேட்டது எல்லாவற்றுக்கும் இதே அச்சு: ‘வாட் ஐ ஏட்’, ‘வாட் யூ கேவ்’, ‘வாட் தே ஆஸ்க்ட் ஃபார்’. பலர் இந்த இடத்தில் ‘தட் தி டாக்டர் செட்’ என்று தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் நிற்பார்கள்.

‘என்பது’ வரும் எழுவாய் வேறு. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இதை ‘தட் தி சோல்ஜர்ஸ் ரோஸ் இன் 1806 இஸ் வெல் நோன்’ என்று சொல்ல இலக்கணம் இடம் தருகிறது. ஆனால் பேசுகிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒப்புக்கு ஒரு ‘இட்’டை முன்னால் நிறுத்தி, கனமான பகுதியைப் பின்னால் தள்ளிவிடுவார்கள்: ‘இட் இஸ் வெல் நோன் தட் தி சோல்ஜர்ஸ் ரோஸ் இன் 1806.’ புதிதாகப் பழகுபவர்கள் இந்த இரண்டாவது வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். முதலாவதைப் படிக்கும்போது புரிந்தால் சரி.

‘ஆன்’, ‘அபௌட்’, ‘ஃபார்’ போன்ற சொற்களுக்குப் பின்னால்: ‘இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹௌ மெனி பேக்ஸ் யூ ஹேவ்.’ எத்தனை பை இருக்குங்கறதைப் பொறுத்தது. ஆட்டோ ஓட்டுபவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் ‘பேக்ஸ்’ இடத்தில் வேறு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்த இடத்தில் ‘தட்’ பொதுவாக வராது. ‘ஐ ஆம் ஹேப்பி அபௌட் தட் யூ கேம்’ என்று வாயில் வந்தால் ‘அபௌட்’டைத் தூக்கிவிடுங்கள்: ‘ஐ ஆம் ஹேப்பி தட் யூ கேம்.’

‘இஸ்’ஸுக்குப் பின்னால் வருவது மிகச் சுலபம். ‘பிரச்சினை என்னன்னா, லிஃப்ட் வேலை செய்யலை’ என்பது ‘தி ப்ராப்ளம் இஸ் தட் தி லிஃப்ட் இஸ் நாட் வொர்க்கிங்’. ‘என்னன்னா’ என்பதற்கு நேர் ‘இஸ் தட்’.

கடைசியாக, ஒரு பெயரை விளக்கும் இடம். ‘தி நியூஸ் தட் தி ட்ரெயின் வாஸ் லேட்’, ‘தி நியூஸ் தட் யூ டோல்ட் மீ’ இரண்டும் பார்க்க ஒன்று போல. முதலாவது நவுன் கிளாஸ், இரண்டாவது இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘ரயில் லேட் என்ற செய்தி’, ‘நீங்கள் சொன்ன செய்தி’. ‘என்ற’ வந்தால் நவுன் கிளாஸ். வெறும் பெயரெச்சம் வந்தால் அட்ஜெக்டிவ் கிளாஸ். முதலாவதில் செய்தியே ‘ரயில் லேட்’ என்பதுதான். இரண்டாவதில் செய்தி என்ன என்றே தெரியாது, யார் சொன்னது என்பது மட்டும்தான் தெரியும்.

‘ன்னு’ ஏமாற்றும் இடங்கள்

‘ன்னு’ வரும் எல்லா இடத்திலும் ‘தட்’ போட்டுக்கொண்டே போனால் சிக்கல். நம் ‘ன்னு’வுக்கு வேறு வேலைகளும் உண்டு.

‘நீங்க வரணும்னு ஆசைப்படறேன்’ என்பதை ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்று ஆக்கக் கூடாது. ‘வான்ட்’டுக்குப் பின்னால் ‘தட்’ வராது: ‘ஐ வான்ட் யூ டு கம்.’ ‘உட்காருங்கன்னு சொன்னார்’ என்பது கட்டளை. அதற்கும் ‘டு’ தான்: ‘ஹி டோல்ட் மீ டு சிட்.’ ‘நாளைக்கு ஸ்ரீபுரம் போகலாம்னு இருக்கேன்’ என்பது திட்டம்: ‘ஐ ஆம் பிளானிங் டு கோ டு ஸ்ரீபுரம் டுமாரோ.’ ‘மழை வருதுன்னு போகலை’ என்பதில் ‘ன்னு’ காரணம் சொல்கிறது, அங்கே ‘பிகாஸ்’ வேண்டும். பெயர் சொல்வது இன்னொரு வகை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் கத்தரிக்காயைக் காட்டி ‘இதை முள்ளு கத்தரிக்காய்னு சொல்வோம்’ என்றால் ‘வி கால் இட் முள்ளு கத்தரிக்காய்’ என்று முடித்துவிடலாம். ‘தட்’ நுழைய இடமே இல்லை.

சரி, வாயைத் திறந்து பார்க்கலாம்

கீழே உள்ளவற்றைப் பதிலைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

பிருந்தாவன் எந்த பிளாட்பாரத்துல வரும்னு தெரியுமா?
லாட்ஜுல ரூம் இருக்கான்னு கேட்டேன்.
அவங்க எங்க தங்கியிருந்தாங்கன்னு ஞாபகம் இல்லை.
நர்ஸ், நான் அப்புறம் வர்றேன்னு சொன்னாங்க.
நீங்க கேட்டது இந்தக் கடையில கிடைக்காது.
யார் கதவைத் திறந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

முதலாவது: ‘டூ யூ நோ விச் பிளாட்ஃபார்ம் தி பிருந்தாவன் வில் கம் ஆன்?’ ‘வில்’ பிருந்தாவனுக்குப் பின்னால் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டாவது: ‘ஐ ஆஸ்க்ட் இஃப் தே ஹேட் எ ரூம்.’ மூன்றாவது: ‘ஐ டோன்ட் ரிமெம்பர் வேர் தே ஸ்டேட்.’ ‘வேர் டிட் தே ஸ்டே’ என்று வந்திருந்தால் கலைக்கும் பகுதியை மறுபடி ஒரு தடவை படியுங்கள். நான்காவது: ‘தி நர்ஸ் செட் தட் ஷி வுட் கம் லேட்டர்.’ ஐந்தாவது: ‘வாட் யூ ஆஸ்க்ட் ஃபார் இஸ் நாட் அவைலபிள் இன் திஸ் ஷாப்.’ ஆறாவது: ‘ஐ நோ ஹூ ஓபண்ட் தி டோர்.’ இதில் ‘டிட்’டைத் தேடியவர்கள் கவனியுங்கள், கேள்வியாகக் கேட்டாலும் ‘ஹூ ஓபண்ட் தி டோர்?’ தான். அங்கேயும் ‘டிட்’ வராது.